பச்சத்தண்ணி எங்க நின்னுச்சு? குளியலறைக் குழாயிலிருந்து பாபநாசம் வரை

(ஒலிபரப்பான எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த நிகழ்ச்சியில வழக்கமா ஒரு ராஜா, ஒரு போர், ஒரு கல்வெட்டுன்னு எதையாவது வச்சுத்தான் ஆரம்பிப்போம். இன்னைக்கு பாத்ரூம்ல இருந்து ஆரம்பிக்கிறோம். ஷவரைத் திறக்கிறீங்க. சூடான பக்கம் தண்ணி வருது. இன்னொரு பக்கம் திருப்புனா இருமல் மாதிரி கொஞ்சம் காத்து, அவ்வளவுதான். பச்சத்தண்ணி இல்ல.

ஊர் திருநெல்வேலி. வருஷம் முழுக்க ஓடுற ஆறு ஊருக்கு நடுவுல போகுது. "வற்றாத ஜீவநதி"ன்னு ஸ்கூல் புத்தகத்துல படிச்ச அதே தாமிரபரணி. ஆத்துல ஓடுற தண்ணி வீட்டுக் குழாய்ல வரலன்னா, நடுவுல எங்கயோ நின்னிருக்கணும். எங்க?

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பிளம்பர் எப்படிப் பதில் தேடுவாரோ, அதே முறையில இன்னைக்கு வரலாற்றைப் பார்க்கப் போறோம். அவர் குழாய்ல இருந்து பின்னோக்கிப் போவார். ஒவ்வொரு மூட்டுலயும் ஒரே கேள்விதான்: இது வரைக்கும் தண்ணி வந்திருக்கா? வந்திருந்தா பழுது இதுக்குக் கீழ. வரலன்னா இதுக்கு மேல. அப்படியே ஒவ்வொரு மூட்டா மேல ஏறிப் போனா, நாம போய் நிக்கிற இடம் பொதிகை மலை.

சுவருக்குள்ள

முதல்ல கைக்கு எட்டுற இடம். சுடுதண்ணி வருது, பச்சத்தண்ணி வரலங்கறது உண்மையில ஒரு நல்ல செய்தி. ஏன்னா, சுவர்ல மாட்டியிருக்கிற கீசருக்குள்ள சுடுதண்ணியைத் தள்ளி வெளிய அனுப்புறதே பச்சத்தண்ணிதான். கீழ இருந்து பச்சத்தண்ணி உள்ள நுழையுது. அது தள்ளுற வேகத்துலதான் மேல இருக்கிற சூடான தண்ணி குழாய்க்கு வருது. அதனால சூடான பக்கம் ஒழுங்கா வருதுன்னா, மாடித் தொட்டியில தண்ணி இருக்கு, இறங்குற பெரிய குழாயும் சரியா இருக்கு. பழுது, குழாய் ரெண்டாப் பிரியற இடத்துக்கும் உங்க கைக்கும் நடுவுலதான்.

அங்க சந்தேகப்பட வேண்டியது மூணு. ஒண்ணு, சுவர் ஓரத்துல இருக்கிற ஆங்கிள் காக். வீடு கழுவும்போதோ, போன தடவை ரிப்பேர் பார்த்தப்போவோ யாராவது மூடி வச்சிருக்கலாம். ரெண்டாவது, மிக்சருக்குள்ள இருக்கிற கார்ட்ரிட்ஜ் இல்லன்னா ஸ்பிண்டில். தொட்டி அடியில தேங்குற மண்ணும் உப்புப் படிவும் வந்து அடைக்கிற இடம் அது. ஆங்கிள் காக்கை மூடிட்டு, கழற்றிக் கழுவினாலே பல நேரம் சரியாயிடும். மூணாவது, ஏர் லாக். தொட்டி ஒரு தடவை முழுசாக் காலியாகி மறுபடி நிரம்பும்போது குழாய் வளைவுல காத்து மாட்டிக்கும். மிக்சரோட வாயை உள்ளங்கையால அடைச்சுப் பிடிச்சு, ரெண்டு பக்கத்தையும் கொஞ்சம் திறந்தா, சூடான பக்கத்து அழுத்தம் காத்தை வந்த வழியே திருப்பித் தள்ளும். இதைச் செய்யறதுக்கு முன்னாடி கீசரை அணைச்சு ஆற விடணும், கை சுட்டுடக் கூடாது. ரெண்டு பக்கமுமே வரலன்னா, முதல் வேலையா கீசர் சுவிட்சை அணைச்சிட்டுத்தான் மத்ததைப் பார்க்கணும்.

இது எல்லாம் உங்க வீட்டுக்குள்ள, உங்க ஸ்பானருக்கு அடங்கின விஷயம். வீட்டுல எந்தக் குழாய்லயும் தண்ணி இல்லன்னாதான் கதை வெளிய போகுது.

மாடியும் தெருவும்

மாடி ஏறிப் பார்க்கிறோம். தொட்டி காலி. கீழ சம்ப்பைத் திறந்தா அதுவும் காலி. அப்போ மோட்டார் மேல தப்பு இல்ல. தெருக் குழாய்ல இருந்தே தண்ணி வரல.

இங்கதான் முதல் தடவையா இன்னொரு மனுஷன் கதைக்குள்ள வர்றாரு. நம்ம ஊர்கள்ல தெருக் குழாய்ல தண்ணி எந்நேரமும் இருக்கிறதில்ல. முறை வச்சு விடுவாங்க. ஒரு மாநகராட்சி ஊழியர் நீளமான இரும்புச் சாவியோட வந்து, ரோட்டுக்கு நடுவுல இருக்கிற மூடியைத் தூக்கி, வால்வைத் திருப்புவாரு. இந்தத் தெருவுக்கு இத்தனை நேரம், அடுத்த தெருவுக்கு இத்தனை நேரம். நம்மள்ல நிறைய பேருக்கு அவர் பேரு தெரியாது.

அவர் திறந்தும் உங்க வீட்டுக்கு வரலன்னா? உங்க வீடு தெருக் கடைசியில இருக்கலாம். முன்னாடி இருக்கிற சில வீட்டுக்காரங்க தெருக் குழாய் இணைப்புலயே நேரா மோட்டாரை மாட்டி உறிஞ்சுறாங்க. அது சட்டப்படி தப்பு. பிடிபட்டா மோட்டாரைப் பறிமுதல் பண்ணுவாங்க. ஆனா நடக்குது. முதல் வீட்டுல சம்ப் நிரம்பி வழியும்போது கடைசி வீட்டுல குழாய் காத்தடிக்குது.

இதுக்குத் தமிழ்ல ரொம்ப நாளா ஒரு வார்த்தை இருக்கு: கடைமடை. கால்வாய் போய் முடியற இடத்துல இருக்கிற வயல். தலைமடைக்காரன் எடுத்து மிச்சம் வச்சாதான் கடைமடைக்குத் தண்ணி. சிமெண்ட் ரோட்டுக்கு அடியில போற பிளாஸ்டிக் குழாய்லயும் அதே தலைமடை, அதே கடைமடை. இந்த வார்த்தையை மனசுல வச்சுக்குங்க, கொஞ்ச நேரத்துல மறுபடி வரும்.

ஆத்து மணலுக்குள்ள

தெருக் குழாய்க்குத் தண்ணி எங்க இருந்து வருது? வட்டாரத்துல இருக்கிற மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில இருந்து. அதுக்கு? ஆத்துல இருந்து. ஆனா ஆத்துல ஓடுற தண்ணியை அப்படியே மோட்டார் போட்டு இழுக்கறாங்கன்னு நினைச்சா அது முழு உண்மை இல்ல. இந்தப் பள்ளத்தாக்குல இருக்கிற பல குடிநீர்த் திட்டங்களோட உயிர் ஆத்துப் படுகையில இருக்கிற உறைகிணறு.

ஆத்து மணலுக்குள்ள வட்டமா ஒரு கிணறு இறக்குவாங்க. ஆத்துத் தண்ணி மணல் வழியா மெல்லக் கசிஞ்சு அதுக்குள்ள வரும். வர்ற வழியிலேயே வண்டல், தூசு எல்லாம் மணல்ல தங்கிடும். அப்படி வடிஞ்ச தண்ணியைத்தான் குளோரின் கலந்து ஊருக்கு அனுப்பறாங்க. கோடையில ஆத்துல ஒரு ஓரமா மட்டும் தண்ணி ஓடுறப்பவும் மணலுக்குள்ள ஈரம் இருக்கும், கிணறு ஊறும். அதாவது மணல் ஒரே நேரத்துல வடிகட்டியாவும் தொட்டியாவும் வேலை பார்க்குது. உங்க மாடியில இருக்கிற தொட்டி ஆயிரம் லிட்டர்னா, ஊருக்கே பொதுவா இருந்த தொட்டி அந்த மணல்.

அந்த மணலைத்தான் நாம லாரி லாரியா அள்ளினோம். மணல் போனா ஆத்தோட தரை இறங்கும். கிணத்தைச் சுத்தி இருந்த வடிகட்டி மெலியும். தேங்கி நின்ன ஈரம் குறையும். 2010 டிசம்பர்ல, தாமிரபரணியில மணல் அள்ளறதுக்கு ஐந்தாண்டுத் தடை விதிச்சது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. வழக்குப் போட்டவர் கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு. ஆத்தங்கரை ஊரான ஸ்ரீவைகுண்டத்துல பிறந்தவர். அந்த வழக்குல தானே ஆஜராகி வாதாடினார். அன்னைக்கு அந்த கோர்ட்டுல நடந்ததும் ஒரு வகையில தண்ணி எங்க நிக்குதுன்னு தேடுற வேலைதான். பழுது வீட்டுல இல்ல, ஆத்து அடியில இருக்குன்னு ஒருத்தர் எழுந்து சொன்னார்.

குழாய் வர்றதுக்கு முன்னாடி

சரி, குழாயே இல்லாத காலத்துக்குப் போவோம். அப்போ பாத்ரூம் எங்க இருந்துச்சு? ஆத்துல. சிந்துபூந்துறை, குறுக்குத்துறை, கருப்பந்துறைன்னு நெல்லையில எத்தனை ஊர்ப் பேருல "துறை" இருக்குன்னு பாருங்க. இறங்கிக் குளிக்கிற இடங்கள் அவை. ஆத்துக்குப் போக முடியாத தூரத்துல இருந்தவங்களுக்கு ஆத்தையே ஊருக்குள்ள கொண்டுவந்தது கால்வாய்.

தாமிரபரணியில எட்டு அணைக்கட்டு. மேல இருந்து வரிசையாச் சொன்னா: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இதுல முதல் ஏழும் ஆங்கிலேயர் வர்றதுக்கு முன்னாடியே இருந்தவை. எட்டுல இருந்தும் பிரியற கால்வாய்கள் மொத்தம் பதினொண்ணு. பாசனம் பெறுற நிலம் சுமார் 86,000 ஏக்கர்.

"அணைக்கட்டு"ன்னதும் பெரிய மதகு, ஷட்டர்னு கற்பனை பண்ணிக்காதீங்க. இது ஆத்துக்குக் குறுக்க உயரம் கம்மியா ஒரு கல் சுவர். தண்ணியைச் சேமிக்கிறது அதோட வேலை இல்ல. தண்ணி மட்டத்தைச் சில அடி உயர்த்தும். உயர்ந்த தண்ணி பக்கத்துல இருக்கிற கால்வாய்க்குள்ள தானா இறங்கும். மிச்சம் சுவர் மேல வழிஞ்சு அடுத்த அணைக்கட்டுக்குப் போகும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. கால்வாய் ஒரு குளத்தை நிரப்பும், அந்தக் குளம் வழிஞ்சு அடுத்த குளத்தை நிரப்பும். சுத்தமல்லியில பிரியற நெல்லைக் கால்வாய் டவுனுக்குள்ள வந்து நயினார்குளத்துக்குத் தண்ணி தரும். பழவூர் அணைக்கட்டுல பிரியற பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாப் போகும்.

கன்னடியன் கால்வாயைப் பத்தி ஒரு கதை உண்டு. கன்னட நாட்டுல இருந்து வந்த ஒருத்தர், தனக்குக் கிடைச்ச செல்வத்தை வச்சு கால்வாய் வெட்ட நினைச்சாராம். எந்த வழியா வெட்டறது? ஒரு பசுவைப் பின்தொடர்ந்து போன்னு அகத்தியர் சொன்னாராம். பசு போன வழி கால்வாய். அது நின்ன இடம் மடை. படுத்த இடம் குளம். இதை வரலாறாச் சொல்லல, கதையாத்தான் சொல்றேன். ஆனா கதைக்குள்ள ஒரு பொறியியல் இருக்கு: மாடு மேட்டுல ஏறி இறங்கிச் சிரமப்படாது, சரிவு பார்த்துத்தான் நடக்கும். புவியீர்ப்புல ஓடுற தண்ணிக்கும் அதே விதிதான்.

இப்போ நம்ம கேள்வி: அந்தக் காலத்துல தண்ணி நின்னா என்ன பண்ணுவாங்க? கால்வாய்க் கரை மேல ஏறி மேல்நோக்கி நடப்பாங்க. கரை எங்கயாவது உடைஞ்சிருக்கும், இல்லன்னா தூர்ந்திருக்கும், இல்லன்னா மேல் ஊர்க்காரங்க மடையை அடைச்சிருப்பாங்க. எதுவா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பழுதைச் சரிபண்றதுக்கு ஊர் கூடி உழைக்கிற ஏற்பாட்டுக்குப் பேருதான் குடிமராமத்து. கார் சாகுபடி, பிசானச் சாகுபடின்னு ரெண்டு போகம் விளையற பூமி. தென்மேற்குப் பருவமழை கார்ப் பயிருக்கு, வடகிழக்குப் பருவமழை பிசானத்துக்கு. போகத்துக்கு முன்னாடி கால்வாயைத் தூர் வாரலன்னா அறுவடை இல்ல.

இதைப் பொற்காலமா நினைச்சுட வேண்டாம். கரையில இறங்கி மண் அள்ளினவங்களும், விளைஞ்ச நெல்லைக் களஞ்சியத்துல வச்சவங்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் இல்ல. எந்தத் துறையில யார் இறங்கலாங்கறதை சாதி முடிவு பண்ணுச்சு. வீட்டுக்குத் தண்ணி சுமந்தது பெண்களோட இடுப்பு. 1858-ல சென்னை மாகாணத்துக்குன்னு, கரை உடைப்பு மாதிரி நேரத்துல ஊர்க்காரங்களைக் கட்டாய வேலைக்குக் கூப்பிடவும், குடிமராமத்து வேலை செய்யாதவங்க கிட்ட பணம் வசூலிக்கவும் சட்டமே போட்டாங்க. சட்டம் போட வேண்டி வந்துச்சுன்னாலே அந்த ஏற்பாடு தானா நடக்கலன்னுதான் அர்த்தம். குழாய் வந்ததுல நிறைய பேருக்கு விடுதலை கிடைச்சதுங்கறதையும் சேர்த்துத்தான் நாம பேசணும்.

எட்டாவது அணைக்கட்டும் ஒரு நகராட்சித் தலைவரும்

எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுதான் ஆங்கிலேயர் கட்டினது. வேலை முடிஞ்சது 1870-கள்ல. இந்த வேலைக்காக முயன்ற கலெக்டர் பக்கிள் பேரைத்தான் தூத்துக்குடியில இருக்கிற பக்கிள் ஓடை இன்னும் சுமக்குதுன்னு ஊர்ல சொல்லுவாங்க. அதுவரைக்கும் ஆத்தோட கடைசிப் பகுதிக்கு அணைக்கட்டு கிடையாது. அந்தச் சுவர் வந்ததுக்கு அப்புறம் வடகால், தென்கால்னு ரெண்டு கால்வாய். வடகால் தூத்துக்குடிக்குப் பக்கத்துல கோரம்பள்ளம் குளம் வரைக்கும் போகுது. கடைமடைக்கு ஒரு பாதை கிடைச்சது.

ஆனா அது வயலுக்கான தண்ணி. குடிக்கிறதுக்கு? திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தூத்துக்குடி மூணுமே 1866-ல நகராட்சி ஆன ஊர்கள். முதல் ரெண்டுக்கும் ஆறு பக்கத்துலயே. தூத்துக்குடிக்குப் பக்கத்துல கடல். துறைமுகம் இருக்கு, மில் இருக்கு, வியாபாரம் இருக்கு. நல்ல தண்ணிதான் இல்ல. கிணறு தோண்டுனா உப்பு.

அங்க நகராட்சித் தலைவரா இருந்தவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வல்லநாட்டுல இருந்து தாமிரபரணித் தண்ணியைக் குழாய் வழியா ஊருக்குக் கொண்டுவர்ற திட்டத்தை 1920-கள்ல நிறைவேத்தினார். இன்னைக்கும் தூத்துக்குடிக்காரங்க அவரை மறக்கல. அங்க அவருக்கு மணிமண்டபம் இருக்கு.

இந்தப் பள்ளத்தாக்கோட வரலாற்றுல இது பெரிய திருப்பம். அதுவரைக்கும் ஆத்துத் தண்ணி சரிவு விட்ட இடத்துக்குத்தான் போச்சு. குழாயும் பம்ப்பும் வந்ததுக்கு அப்புறம், பணமும் முயற்சியும் விட்ட இடத்துக்கெல்லாம் போக ஆரம்பிச்சது. 1971-ல தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் வந்தது. கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் ஒண்ணொண்ணா வந்துச்சு. இன்னைக்கு விருதுநகர் மாவட்டத்து அருப்புக்கோட்டை, சாத்தூர் வரைக்கும் தாமிரபரணித் தண்ணி போகுது. ஆத்தையே பார்க்காதவங்க அந்த ஆத்துத் தண்ணியில குளிக்கிறாங்க. இது சாதனை, சந்தேகமே இல்ல. ஆனா ஆத்தோட கடைமடை எங்க இருக்குன்னு இனிமே கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது.

பாபநாசத்துக் கரண்ட்

பம்ப்புன்னு சொன்னோம். பம்ப்புக்கு கரண்ட் வேணும். பாபநாசத்துக்குக் கீழ விக்கிரமசிங்கபுரத்துல 1880-கள்ல ஹார்வி கம்பெனி பஞ்சாலை ஆரம்பிச்சது, ஆறு மலையில இருந்து விழற வேகத்தை நம்பித்தான். அதே வேகத்தை மின்சாரமா மாத்தறதுக்காகக் கட்டினது காரையாறுல இருக்கிற பாபநாசம் அணை. 143 அடி. அணை 1942-ல முடிஞ்சது. மின் நிலையம் 1944-ல ஓட ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் காமராஜர் காலத்துல, 1958-ல, 118 அடி மணிமுத்தாறு அணை. 1980-கள்ல சேர்வலாறு அணை.

இந்த அணைகளால ஆத்தோட குணமே மாறிச்சு. மழை விட்டதும் வேகமாக் குறைஞ்ச ஆறு, இப்போ அணையில தேக்கி அளந்து விடற ஆறு. கோடையில உறைகிணறு ஊறணும்னா மேல யாரோ ஒருத்தர் தண்ணி திறக்க முடிவு எடுக்கணும். கார்ப் பயிருக்கு எவ்வளவு, குடிநீருக்கு எவ்வளவு, தொழிற்சாலைக்கு எவ்வளவுன்னு வருஷா வருஷம் வாக்குவாதம் நடக்கும். அணை நீர்மட்டம் தினசரிப் பத்திரிகையில வர்ற ஊர் இது. தங்கம் விலை பார்க்கிற மாதிரி அதையும் பார்ப்பாங்க. கங்கைகொண்டான் சிப்காட்ல இருக்கிற குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணி தரக் கூடாதுன்னு வழக்கு நடந்ததும், 2016 நவம்பர்ல மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதிச்சதும், 2017 மார்ச்ல அந்த மனுக்களைத் தள்ளுபடி பண்ணதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். தலைமடை, கடைமடைச் சண்டை கால்வாய்க் கரையில இருந்து கோர்ட்டுக்கு மாறியிருக்கு.

ஊரெல்லாம் தண்ணி, குழாய்ல இல்ல

இப்போ 2023 டிசம்பர் 17. அன்னைக்கும் மறுநாளும் தென்மாவட்டங்கள்ல பெய்ஞ்ச மழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல சுமார் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷத்துல பெய்ய வேண்டிய அளவு ஒரே நாள்ல. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்துல திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுத்தி வெள்ளத்தோட மாட்டிக்கிட்டாங்க. நெல்லையில ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுப் பகுதியும், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகமும் தண்ணிக்குள்ள. 1992 நவம்பர்ல வந்த வெள்ளத்தைப் பார்த்த பெரியவங்களே மிரண்டு போனாங்க.

அதே நாட்கள்ல நெல்லை, தூத்துக்குடி ரெண்டு மாவட்டத்துலயும் வீட்டுக் குழாய் வறண்டு கிடந்துச்சு. வாசல்ல இடுப்பளவு தண்ணி. உள்ள குழாயைத் திறந்தா காத்து.

ஏன்? நம்ம பிளம்பர் முறையிலேயே பார்ப்போம். குடிநீர்த் திட்டங்கள் ஆத்துப் படுகையிலயும் ஆத்தோரத்துலயும் இருக்கு. வெள்ளம் உறைகிணத்தை மூடிட்டுப் போகுது. கரையில இருக்கிற பம்ப் ரூமுக்குள்ள தண்ணி ஏறினா மோட்டாரும் மின் பலகையும் போச்சு. ஆத்தை ஒட்டிப் போற குழாய் அடிச்சுக்கிட்டுப் போகுது. கரண்ட் கம்பம் சாய்ஞ்சா நல்லா இருக்கிற பம்ப்பும் ஓடாது. இந்தச் சங்கிலியில ஒரு கண்ணி போனாப் போதும், ஊர் முழுக்கக் குழாய் நின்னுடும். அன்னைக்கு ஒரே நேரத்துல பல கண்ணி போச்சு. லாரியில தண்ணி வந்துச்சு, பாட்டில் வந்துச்சு. மோட்டாரைத் தூக்கிக் காயவச்சு, குழாயை ஒட்டவச்சு, ஊழியர்கள் ராத்திரி பகலா வேலை பார்த்துத்தான் ஒவ்வொரு பகுதியாத் தண்ணி திரும்ப வந்துச்சு.

ஆத்துல தண்ணி இருக்கிறதும் குழாய்ல தண்ணி வர்றதும் வேற வேற விஷயம்னு அந்த டிசம்பர் காட்டிடுச்சு. நடுவுல இருக்கிறது மணல், கிணறு, மோட்டார், கரண்ட், வால்வு, வால்வைத் திறக்கிற ஆளு. அது எல்லாம் சரியா இருந்தப்போ நாம ஒண்ணைக் கூடக் கவனிக்கல.

தனி வழியும் பொது வழியும்

இந்த எபிசோடுல நான் சொல்ல நினைச்சது ஒண்ணுதான். தண்ணி நின்னா நமக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, சங்கிலி பிடிச்சு மேல போய், எங்க நின்னுச்சுன்னு பார்க்கிறது. இன்னொண்ணு, சங்கிலியை விட்டுட்டுத் தனியா ஒரு வழி பண்ணிக்கிறது: போர் போடறது, கேன் வாங்கறது, தெருக் குழாய்ல மோட்டார் மாட்டறது.

அந்தக் காலத்து மனுஷங்க நம்மளை விட நல்லவங்க இல்ல. அவங்களுக்கு ரெண்டாவது வழி இல்ல, அவ்வளவுதான். கால்வாய் ஒண்ணுதான், அது நின்னா எல்லாருக்கும் நிக்கும். அதனால மேல நடந்து போய்ப் பார்த்தே ஆகணும். நமக்கு ரெண்டாவது வழி சுலபமாக் கிடைச்சிடுச்சு. வசதி இருக்கிறவங்க தனியாப் போயிடறோம். நாம போனதும், பொதுக் குழாய் நின்னா போன் பண்ணிக் கேக்கறதுக்கும், வார்டு கூட்டத்துல சண்டை போடறதுக்கும் ஆள் குறையுது. மிஞ்சுறவங்க கடைமடைக்காரங்க. அவங்க குரல் ஏற்கனவே சின்னது.

பாளையங்கால்வாயே இதுக்குச் சாட்சி. ஒரு காலத்துல ஜனங்க இறங்கிக் குளிச்ச கால்வாய். குளிக்கிறதுக்கு வீட்டுக்குள்ள குழாய் வந்ததும் கால்வாயை யாரும் பார்க்கல. யாரும் பார்க்காத கால்வாய்ல சாக்கடையைத் திருப்பி விடறது சுலபமாப் போச்சு. அந்தக் கால்வாயைத்தான் கீழ இருக்கிற வயல்கள் இன்னும் நம்பி இருக்கு.

அதனால இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம். நெல்லையோ, சென்னையோ, கோயம்புத்தூரோ, நீங்க எங்க இருந்தாலும் சரி. உங்க வீட்டு மெயின் வால்வு எங்க இருக்குன்னு பாருங்க. உங்க தெருவுக்குத் தண்ணி திறக்கிறவர் பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. உங்க பகுதிக்கு எந்த மேல்நிலைத் தொட்டியில இருந்து தண்ணி வருது, அதுக்கு எந்த ஆறு, எந்த ஏரின்னு விசாரிங்க. நாலு கேள்விதான். பதில் தெரிஞ்சு வச்சுக்கிட்டா, அடுத்த தடவை தண்ணி நிக்கும்போது கேன் கடை நம்பருக்கு முன்னாடி வேற யாருக்கு போன் பண்ணணும்னு உங்களுக்குத் தெரியும்.

பதில் கண்டுபிடிச்சவங்க எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.